கடை அலமாரிக்கு மரநிற மைக்கா: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

கடையைப் புதுப்பிக்க நினைக்கும் வணிகர் முதலில் கை வைப்பது அலமாரியில்தான். பழைய பலகைமேல் தேக்கு நிறத்தில் ஒரு தகடு ஒட்டினால் கடை புதிதாகத் தெரியும் என்பது உண்மையே. ஆனால் எதை ஒட்டுகிறோம், எதன்மேல் ஒட்டுகிறோம் என்று பாராமல் நிறத்தை மட்டும் பார்த்து வாங்கினால் பணம் வீண். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் மானாம்பதியில் எங்கள் மளிகைக் கடை அலமாரிக்கு, செலவு குறைவு என்று, சுருளாக விற்கும் மரநிற ஸ்டிக்கரை ஒட்டினோம். தை மாதம் ஒட்டியது. சித்திரை வெயிலில் முன்விளிம்பு சுருங்கி எழும்பிற்று. எண்ணெய் பாட்டில் வைத்த தட்டில் பசை இளகிவிட்டது. ஐப்பசி மழையில் சுவரில் ஓதம் ஏறியபோது ஒரு மூலையைப் பிடித்து உரித்தேன். ஸ்டிக்கரோடு பலகையும் மாவாக வந்தது. உள்ளே கரையான். வெறும் பலகையாக இருந்திருந்தால் மண்கோடு முன்பே கண்ணில் பட்டிருக்கும். நாமே அதை மூடி வைத்துவிட்டோம். பலகையோடு அவலும் சேமியாவும் போயின.

எனவே எதை ஒட்டுவதானாலும் முதலில் பலகையைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஒலித்தால் மாற்றுவதே சரி. பழைய தேக்குப் பலகையாக இருந்தால் மூடவே வேண்டாம். இழைத்து வார்னிஷ் அடித்தால் போதும்.

நாம் மைக்கா என்று சொல்லும் தகட்டில் காக்காப்பொன் கிடையாது. 1912-ல் அமெரிக்காவில் ஓ'கானர், ஃபேபர் என்ற இருவர், மின்சாதனங்களில் காக்காப்பொன்னுக்குப் பதிலாக உருவாக்கியது இதன் மூத்த வடிவம். பிசினில் ஊறிய பழுப்புக் காகித அடுக்குகளின்மேல் மரக்கோடு அச்சிட்ட ஒரு தாளை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்குகிறார்கள். ஆகவே தேக்கோ ரோஸ்வுட்டோ, எல்லாம் அச்சுதான். உழைப்பைத் தருவது கனமும் ஒட்டும் முறையும். பொருளை இழுத்து வைக்கும் தட்டுக்கு 1 மி.மீ. கனம் வேண்டும். ஐ.எஸ். 2046 என்பது இதற்கான இந்தியத் தரம். பில்லில் அதைக் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் ப்ளைவுட் வளையும். அடிப்பக்கத்தில் மெல்லிய வெள்ளை மைக்காவாவது ஒட்ட வேண்டும். இந்தச் செலவைத்தான் பலரும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

மைக்கா ஒட்டியே வரும் தூள்பலகை மலிவு. அழகுசாதனம், நோட்டுப் புத்தகம் வைக்கச் சரி. மளிகைக்கு வேண்டாம், விளிம்பில் நீர் பட்டால் உப்பிவிடும். தரையை ஒட்டிய தட்டுக்கு ஐ.எஸ். 710 ப்ளைவுட் நல்லது. உப்பு, வெல்லத்துக்குக் கடப்பைக்கல்லை மிஞ்ச எதுவுமில்லை. எந்த அலமாரியானாலும் சுவரிலிருந்து சற்றுத் தள்ளியே நிற்கட்டும்.

அளவில்தான் பணம் மிஞ்சும். மைக்கா 8-க்கு 4 அடி. தட்டின் அகலம் 13 அங்குலம் என்றால் ஒரு தகட்டில் மூன்று பட்டைதான் கிடைக்கும். 11 அங்குலம் என்றால் நான்கு கிடைக்கும். மீதி 4 அங்குலத்தில் முன்விளிம்புக்கான முக்கால் அங்குலப் பட்டைகளும் வந்துவிடும். மரக்கோடு 8 அடி நீளவாக்கில் ஓடுவதால் தட்டின் நீளத்தோடு ஒத்துப் போகும். தச்சர் வருமுன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுவிடுங்கள்.

நிறத்தில் என் யோசனை: கருந்தேக்கு நிறம் விளக்கு வெளிச்சத்தை விழுங்கும், தெருப்புழுதியையும் காட்டிக் கொடுக்கும். வெளிர் நிறத்தில் பொருள் எடுப்பாகத் தெரியும். ஆனால் விளிம்பில் தகட்டின் கருங்கோடு தெரியும். அதைத் தச்சர் அரத்தால் சீராகத் தேய்க்க வேண்டும். சொரசொரப்பான மைக்கா மாவுக்கடைக்கு ஆகாது. பள்ளங்களில் மாவு தங்கும்.

மீந்த துண்டு ஒன்றின் பின்புறம் தகட்டின் எண்ணை எழுதி எடுத்து வையுங்கள். பின்னால் ஒரு விளிம்பு உடைந்தால் அந்த எண்ணைச் சொல்லித்தான் கடையில் கேட்க முடியும்.