சிடி போட்டா தானா ஓடணுமா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோட சிடியும் கொடுக்கணும். "போட்ட உடனே நம்ம டெமோ தானா ஓடினா கெத்தா இருக்கும்டா" என்றான் என் டீம்மேட். எனக்கும் ஆசைதான். ஆனால் கொஞ்சம் படித்துப் பார்த்ததும் மனசு மாறிடுச்சு.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது? சிடியில் 'ஆட்டோரன்.இன்ஃப்' என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். எந்த புரோகிராமை ஓட்டணும் என்று அதில் ஒரு வரி. விண்டோஸ் 95-ல் வந்த வசதி இது. செட்டப் ஃபைலைத் தேடத் தெரியாதவர்களுக்கு உண்மையிலேயே உதவியது.

சிக்கல், அந்த வரியை யார் எழுதியது என்பதுதான். 2005-ல் சோனி பிஎம்ஜி வெளியிட்ட சில பாட்டு சிடிகளை கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு இன்ஸ்டாலர் தானாக வந்து நிற்கும். ஓகே கொடுத்தால், காப்பி எடுப்பதைத் தடுக்க ஒரு ரூட்கிட்டும் சேர்ந்து உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். மார்க் ருசினோவிச் இதைக் கண்டுபிடித்து வெளியே சொன்னதும் பெரிய சண்டையாகி, கம்பெனி அந்த சிடிகளைத் திரும்ப வாங்கியது.

"சரி, ஓட்டும் முன்னாடி கேட்டா போதுமே?" போதாது. 2008 கடைசியில் கான்ஃபிக்கர் வோர்ம் பென்டிரைவ் வழியாகவும் பரவியது. ஆட்டோபிளே விண்டோவில் ஃபோல்டர் படத்தோடு 'ஃபோல்டரைத் திற' என்று ஒரு ஆப்ஷன் காட்டும். கிளிக் பண்ணினால் ஓடுவது வோர்ம்! அந்தப் படம், அந்த வாசகம் இரண்டையும் சொல்லிக்கொடுத்ததே பென்டிரைவில் இருந்த ஆட்டோரன் ஃபைல்தான். திருடனே கதவைத் தட்டி "நான்தான் போஸ்ட்மேன்" என்று சொன்ன கதை.

அதனால்தான் விண்டோஸ் 7-ல் பென்டிரைவுக்கு ஆட்டோரனை நிறுத்தினார்கள். 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் அப்டேட் வந்தது. சிடி, டிவிடிக்கு மட்டும் விட்டுவைத்தார்கள்.

என் முடிவு இது: டிஸ்க்கை உள்ளே போடுவது வேறு, "ஓட்டு" என்று சம்மதம் சொல்வது வேறு. கேட்பது சிஸ்டமாக இருக்கணும், கேள்வியின் வார்த்தைகளும் சிஸ்டத்தோடதா இருக்கணும். அதுவரை, செட்டிங்ஸில் ஆட்டோபிளேயை ஆஃப் பண்ணி வைங்க. அடுத்தவங்க கம்ப்யூட்டர்னா, ஷிஃப்ட் கீயை அழுத்திக்கிட்டே சிடியைப் போடுங்க.

எங்க ப்ராஜெக்ட் சிடியில் ஆட்டோரன் இல்லை. ஒரு ரீட்மீ ஃபைல் இருக்கு. எதை, எப்போ ஓட்டணும்னு எக்ஸாமினர் முடிவு பண்ணட்டும்.