ரவுட்டருக்குள் ராணுவ வரிசை

கேள்வி: எங்கள் அலுவலக ரவுட்டரில் கியூ.ஓ.எஸ். (போக்குவரத்து முன்னுரிமை) அமைப்புக்குள் போனால் 0 முதல் 7 வரை எண்கள். பக்கத்திலேயே ரொட்டீன், இமீடியட், ஃபிளாஷ், ஃபிளாஷ் ஓவர்ரைடு என்று பெயர்கள். இவை எங்கிருந்து வந்தன?

பதில்: அமெரிக்க ராணுவத்திலிருந்து. அங்கே செய்திகளுக்கு அவசரத்தைப் பொறுத்துத் தரம் குறிப்பது வழக்கம். 1960களில் ஆட்டோவான் என்ற ராணுவத் தொலைபேசி வலையமைப்பு வந்தபோது, கருவியிலேயே அதற்கு இடம் வைத்தார்கள். வழக்கமான 12 பொத்தான்களுக்கு வலப்பக்கத்தில் எஃப்.ஓ. (ஃபிளாஷ் ஓவர்ரைடு), எஃப். (ஃபிளாஷ்), ஐ. (இமீடியட்), பி. (பிரையாரிட்டி) என்று இன்னும் நான்கு. லைன்கள் நிறைந்திருக்கும்போது மேல்தரப் பொத்தானை அழுத்தினால், அவசரம் குறைந்த அழைப்பு ஒன்று துண்டிக்கப்பட்டு அந்த வழி இவருக்குக் கிடைக்கும்.

இணையத்தின் அடிப்படை விதியான ஆர்.எஃப்.சி. 791, 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் பதிப்பித்தது. பணம் பாதுகாப்புத் துறையின் டார்பாவுடையது. ஆகவே ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் 3 பிட்டுகளில் அதே தரவரிசை ஏறிக்கொண்டது. 5-க்குக் கிரிட்டிக் என்று பெயர்.

இதன் அருமை நெரிசல் வந்த பிறகுதான் தெரிந்தது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் 400 கஜம் தள்ளியிருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து வெறும் 40-க்கு விழுந்தது. அந்த ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன் அதைச் சரிசெய்தார். ஆனால் அவர் திருத்தியது அனுப்பும் கணினியின் நடத்தையை. நடுவழியில் யார் முன்னே என்ற கேள்வியை நேரடியாகச் சந்தித்தவர் டேவிட் மில்ஸ். 56 கிலோபிட் லைன்களில் திணறிய அன்றைய ஆராய்ச்சி வலையமைப்பான என்.எஸ்.எஃப்.நெட்டில், தொலைவிலுள்ள கணினியில் எழுத்தெழுத்தாகத் தட்டிக் காத்திருப்பவர்களின் பாக்கெட்டுகளை, கோப்பு அனுப்புபவர்களுக்கு முன்னால் விட்டது அவருடைய ஃபஸ்பால் ரவுட்டர். கோப்புக்குச் சில நொடி தாமதம் பொருட்டே அல்ல. தட்டச்சு செய்பவருக்கு அதுவே வேதனை. என் பார்வையில் இந்தத் துறையின் மிக மனிதத்தன்மையுள்ள முடிவு அது.

1998 டிசம்பரில் 3 பிட் 6 ஆக விரிந்து 64 குறிகள் வந்தன. குரலுக்கு இன்று போடும் 46-ஐ, முதல் 3 பிட்டை மட்டும் பார்க்கும் பழைய ரவுட்டர் 5 என்றே படிக்கும்: அதே கிரிட்டிக்.

கேள்வி: போனில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. 46 போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: குறி மட்டும் போதாது. உங்கள் அப்லோட் 1 மெகாபிட் என்றால் 1,500 பைட் பாக்கெட் ஒன்று வெளியேற 12 மில்லிநொடி ஆகும். முன்னால் அப்படி 50 நின்றால் குரல் 600 மில்லிநொடி காத்திருக்கும். நல்ல உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150-க்குள் இருக்க வேண்டும். குரலுக்குத் தனி முன்னுரிமை வரிசை கொடுத்தால் பெரும்பாலும் ஒரே பாக்கெட் நேரம்தான் காத்திருப்பு.

வெளியேறும் வேகத்தை லைன் வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து வையுங்கள்; இல்லாவிட்டால் வரிசை மோடத்தில் சேரும், உங்கள் ஏற்பாடு வீணாகும். முன்னுரிமை வரிசைக்கு உச்சவரம்பு கட்டாயம் வையுங்கள். வைக்காவிட்டால் மற்ற எல்லாம் பட்டினி கிடக்கும். ஊழியர்களின் கணினி தானே போட்டுக்கொண்டு வரும் குறியை சுவிட்சிலேயே அழித்துவிடுங்கள். 0 முதல் 7 வரையிலான வரிசையில் 6, 7 இரண்டும் ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒதுக்கியவை, அவற்றைத் தொடாதீர்கள்.