தெளிந்த நீரும் கலங்கிய நீரும்



உன் கடிதம் கிடைத்தது. எதிர்வீட்டுக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்று ஐயுற்ற மருத்துவர்கள் முதுகுத்தண்டில் நீர் எடுக்க வேண்டுமென்று கூறியதையும், நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று அஞ்சிப் பாட்டி சம்மதியாததால் ஒரு பகல் முழுதும் வீணாய்க் கழிந்ததையும் எழுதி, அந்த அச்சம் நியாயந்தானா என்று கேட்டிருக்கிறாய். நாற்பது ஆண்டு வைத்தியத் தொழிலில் அதே அச்சத்தின் முன் பலமுறை செய்வதறியாது நின்றவன் நான்; ஆகையால் விரிவாகவே விடை எழுதுகிறேன்.

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று உறைகள் போர்த்தியிருக்கின்றன. உள்ளுறைகள் இரண்டுக்கும் இடையே பளிங்கு போன்ற நீர், வளர்ந்தவர் உடலில் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் அளவில், ஓயாது ஊறி ஓயாது வடிந்துகொண்டிருக்கிறது. இரத்தத்தின் வழியாகவோ சீழ்பிடித்த காதின் வழியாகவோ கிருமிகள் புகுந்து அவ்வுறைகளைப் பற்றினால் உறையழற்சியும், மூளையையே பற்றினால் மூளையழற்சியும் உண்டாகின்றன. ஊரார் இரண்டையும் மூளைக்காய்ச்சல் என்றே சொல்லுகிறார்கள். பெயர் ஒன்றாயினும் பகைவர் பலர். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் முதலிய பாக்டீரியாக்கள் ஓரிரு நாளில், சிலபோது சில மணி நேரத்திலேயே உயிரைக் குடிக்க வல்லவை. காசநோய்க் கிருமியோ வாரக்கணக்கில் மெல்ல அரிப்பது. ஹெர்பிஸ் வைரஸ் பேச்சையும் நினைவையும் குலைப்பது. வயல்நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, பன்றியிடமிருந்தும் கொக்கு நாரைகளிடமிருந்தும் சுமந்து வருகிற ஜப்பானிய மூளைக்காய்ச்சல், 1955-ஆம் ஆண்டில் நம் வேலூர்ப் பகுதியில்தான் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது.

காய்ச்சல், தாங்கவொண்ணாத தலைவலி, வாந்தி, மோவாய் மார்பைத் தொடாதபடி விறைத்த கழுத்து, வெளிச்சத்தைக் கண்டு கூசும் கண், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் ஆகியவை இந்நோயின் குறிகள். கைக்குழந்தையிடம் இவற்றைத் தேடிக் காண்பது அரிது; பால் குடிக்க மறுப்பதும், ஓயாது வீறிட்டழுவதும், உச்சிக்குழி புடைத்து நிற்பதுமே அதன் மொழி. ஆயினும் எந்தக் கிருமி என்பதைக் குறிகள் மட்டும் சொல்லிவிடமாட்டா; அதைச் சொல்ல வல்லது அந்த நீரே.

1891-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கீல் நகரத்து வைத்தியர் ஹைன்ரிஹ் குவின்கே, மூளையின் அழுத்தத்தைத் தணிக்கும் பொருட்டு, இடுப்பு முள்ளெலும்புகளின் இடையே ஊசி செலுத்தி நீரை வடிக்கும் முறையை வெளியிட்டார். பாட்டியின் அச்சத்துக்கு விடை நம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. வளர்ந்தவர்க்குத் தண்டுவடம் முதலாவது அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பின் அளவிலேயே முடிந்துபோகிறது. குழந்தைக்குச் சற்றுக் கீழே முடிவதால் ஊசியையும் அதற்கேற்பத் தாழ்வாகவே செலுத்துகிறார்கள். அவ்விடத்தில் குதிரைவால் மயிர்போல் நீரில் மிதக்கும் நரம்புகளே உள்ளன. ஊசி வரும்போது அவை விலகிக்கொடுக்கின்றன. பின்னர்ச் சில நாள் தலைவலி சிலருக்கு உண்டு. கால் விளங்காமற்போவது மிக மிக அபூர்வம். உண்மையில் கை கால்களை முடக்குவது காலந்தாழ்ந்த நோயேயன்றி ஊசியன்று.

குழந்தையை ஒருக்களித்துக் கிடத்தி, முழங்கால் மார்போடு சேருமாறு செவிலி அணைத்துப் பிடித்திருக்க, ஊசியின் வாயில் நீர் சொட்டுச் சொட்டாய் அரும்பிச் சிறு குழாய்களில் நிறைவதை எத்தனையோ இரவுகளில் பார்த்திருக்கிறேன். அச்செழுத்துள்ள தாளொன்றைக் குழாயின் பின்னே பிடித்து, எழுத்துத் தெளிவாய்த் தெரிந்தால் ஓரளவு ஆறுதல் கொள்வேன். அரிசி களைந்த நீர்போல் கலங்கியிருந்தால் பாக்டீரியா என்றே கொண்டு மருந்துக்கு விரைவேன். சற்று நேரம் அசையாமல் வைத்த குழாயில் சிலந்திவலை போன்ற படலம் படிந்தால் காசநோய் என்ற ஐயம் வலுக்கும். உயிரணுக்களின் எண்ணிக்கை, புரதம், சர்க்கரை ஆகிய கணக்குகள் அவ்வையத்தை உறுதிப்படுத்தும். நீரின் சர்க்கரை இரத்தத்திலுள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு இருத்தல் இயல்பு. பாக்டீரியாவும் காசநோயும் அதைக் குறைத்துவிடும், வைரஸ் பெரும்பாலும் குறைப்பதில்லை. மூளையின் அழுத்தம் மிகுந்திருக்கலாம் என்று தோன்றினால் முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். அதற்காகவும் மருந்தைத் தாமதிக்கலாகாது.

பாக்டீரியா என்று ஐயமெழுந்தவுடன் செஃப்ட்ரையாக்சோன் முதலிய மருந்துகளை இரத்தக்குழாய் வழியாகச் செலுத்துவதும், இந்நோயால் நேரக்கூடிய செவிட்டுத்தன்மையைக் குறைக்க முதல் மருந்தோடு டெக்ஸாமெத்தசோன் சேர்ப்பதும் இன்றைய வழக்கம். ஹெர்பிஸுக்கு அசைக்ளோவிர் உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குத் தனி மருந்தில்லை, தடுப்பூசியே துணை. ஸ்காட்லாந்து வைத்தியர் ராபர்ட் விட், காசநோய் உறையழற்சியை வர்ணித்த நூல் 1768-இல் வெளிவந்தது. அதன்பின் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து வரும்வரை, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக, அந்நோய் கண்டவருள் பிழைத்தவர் அநேகமாக இல்லை. இன்றோ ஓராண்டுக் காலம் தவறாது மருந்துண்டால் பலர் பிழைக்கிறார்கள். ஆனால் நினைவு தவறுமுன் சிகிச்சை தொடங்கியவர்களே பெரும்பாலும் குறையின்றி மீளுகிறார்கள்.

ஆகையால், மகளே, இந்தக் கடிதத்தைப் பாட்டியிடம் உரக்கப் படித்துக்காட்டு. நாளை எந்த வீட்டிலாயினும் மருத்துவர் முதுகுநீர் எடுக்கக் கையொப்பம் கேட்டால், அதை அக்கணமே இடும்படி நீ முன்னின்று சொல்.

இங்ஙனம்,
உன் பெரியப்பா