மதுவும் மூளையும்

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோகிராம். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள இவ்வுறுப்பு, உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. நடப்பதும் பேசுவதும், கற்பதும் நினைவில் வைப்பதும் இதன் செயல்களே. இத்தகைய மூளையை மிகுதியான மதுப்பழக்கம் எவ்வாறு கெடுக்கிறது என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

மது மூளையை அடையும் வழி

மதுவில் உள்ள ஆல்கஹால், இரைப்பையிலிருந்தும் சிறுகுடலிலிருந்தும் நேரே குருதியில் கலந்து, சில நிமிடங்களில் மூளையை அடைகிறது. குருதியில் வரும் வேண்டாத பொருள்கள் பலவற்றைத் தடுத்து நிறுத்தும் காப்பு மூளைக்கு உண்டு. ஆயினும், ஆல்கஹால் அக்காப்பை எளிதில் கடந்துவிடும்.

மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. அவற்றுள் சில செயலைத் தூண்டுவன, சில அடக்குவன. ஆல்கஹால் அடக்கும் செய்திகளை வலுப்படுத்தி, தூண்டும் செய்திகளைத் தளர்த்துகிறது. பெருமூளையின் முன்பகுதி தளரும்போது நன்மை தீமையை ஆராயும் திறன் குறைகிறது. சிறுமூளை தளரும்போது நடை தள்ளாடுகிறது, பேச்சுக் குழறுகிறது. அளவு மிகவும் மிஞ்சினால், மூச்சை இயக்கும் முகுளமும் தளர்ந்து உயிரே பிரியக்கூடும்.

பதியாத நினைவு

மூளையின் உட்புறத்தில் ஹிப்போகாம்பஸ் என்னும் சிறு பகுதி உள்ளது. அன்றாட நிகழ்வுகளை நினைவாகப் பதியச் செய்வதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. குறுகிய நேரத்தில் ஒருவர் மிகுதியாகக் குடிக்கும்போது அப்பணி தடைப்படுகிறது. அவர் பேசுவார், சினம் கொள்வார், வாக்குறுதியும் அளிப்பார். விடிந்தபின் அவற்றுள் ஒன்றும் அவர் நினைவில் இராது. அவர் பொய் சொல்வதாக வீட்டார் எண்ணக்கூடும். ஆனால், எழுதப்படாத ஏட்டை எவ்வாறு படிக்க இயலும்? எனினும், நினைவில் இல்லை என்பதனால் அவர் பிறருக்கு இழைத்த தீங்கு இல்லாமற் போய்விடாது.

நினைவை இழந்தோர்

ஆண்டுக்கணக்கில் மிகுதியாகக் குடிப்போருக்கு இதனினும் கொடிய நிலை நேரலாம். மனக்குழப்பம், கண்ணசைவில் கோளாறு, தள்ளாடும் நடை ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் நோயை 1881இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விளக்கினார். குடிப்பழக்கத்தினால் நினைவிழந்தோரைப் பற்றி 1887இல் ரஷ்ய மருத்துவர் செர்கெய் கோர்சகாவ் எழுதினார். இவை ஒரே நோயின் முன்நிலையும் பின்நிலையும் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

பின்நிலையை அடைந்த நோயாளி தம் இளமைக்கால நிகழ்வுகளை ஓரளவு தெளிவாகச் சொல்வார். ஆனால், சற்றுமுன் உண்ட உணவை மறந்திருப்பார். மருத்துவர் அவரிடம் பேசிவிட்டு வெளியே சென்று சில நிமிடங்களில் திரும்பினால், புதியவர் ஒருவரை வரவேற்பதுபோல் வரவேற்பார். நினைவில் உள்ள இடைவெளிகளைத் தம்மையறியாமல் கற்பனையால் நிரப்பிக்கொள்வார்.

இந்நோய்க்குக் காரணம் தயமின் என்னும் வைட்டமின் பி1 குறைபாடு. மூளை சர்க்கரையிலிருந்து ஆற்றலைப் பெறத் தயமின் வேண்டும். உடலால் இதனை ஆக்கிக்கொள்ள இயலாது. சேமித்து வைக்கும் அளவும் சில வாரங்களுக்கே போதும். புழுங்கல் அரிசி, பருப்பு வகைகள், நிலக்கடலை முதலியவற்றிலிருந்து இது நமக்குக் கிடைக்கிறது. மிகுதியாகக் குடிப்போர் பலர் சரிவர உண்பதில்லை. உண்ட உணவிலுள்ள தயமினைக் குடல் ஏற்பதையும் மது தடுக்கிறது. முன்நிலையிலேயே தயமினை ஊசி வழியாகச் செலுத்தினால் பலரைக் காப்பாற்றலாம். காலம் தாழ்ந்தால் இழந்த நினைவாற்றல் முழுமையாகத் திரும்புவது அரிது.

மீளும் வழி

நெடுநாள் மிகுதியாகக் குடிப்போரின் மூளை சுருங்குவதை ஸ்கேன் படங்கள் காட்டுகின்றன. குடியை நிறுத்தினால், சில மாதங்களில் அச்சுருக்கம் ஓரளவு குறையவும் கூடும். ஆயினும், நெடுநாள் பழகியவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். ஆகவே மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துவதே முறை. பெருமூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயதளவிலேயே முழு வளர்ச்சி பெறுவதால், இளமையில் தொடங்கும் குடி மேலும் தீங்கானது.

மாணவர்களே! ஒருவர் குடிநோய்க்கு ஆளாவதற்கு அவர்தம் பிள்ளைகள் காரணமாகார். அவரைத் திருத்தும் பொறுப்பும் பிள்ளைகளுடையதன்று. குடும்பத்தார் 14446 என்னும் தேசியப் போதை மீட்பு உதவி எண்ணை அழைக்கலாம். துன்புறும் சிறுவர்கள் 1098 என்னும் எண்ணை அழைக்கலாம். நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமும் கூறலாம். உதவி கேட்பது குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பது ஆகாது. அதனைக் காக்கும் முதற்படியே ஆகும்.

அருஞ்சொற்பொருள்

குருதி – இரத்தம்
நரம்பணு – நரம்பு மண்டலத்தின் செல்
முகுளம் – மூளையைத் தண்டுவடத்துடன் இணைக்கும் பகுதி
இழைத்த – செய்த

பயிற்சிகள்

1. பிரித்து எழுதுக: நரம்பணு, இவ்வுறுப்பு, நினைவிழந்தோர்.
2. நடை தள்ளாடுவதற்குக் காரணம் யாது?
3. குடித்தவர் முந்தைய நாள் பேச்சை மறப்பது ஏன்? மூன்று தொடர்களில் எழுதுக.
4. தயமின் குறைபாடு மிகுதியாகக் குடிப்போரிடம் தோன்றுவதற்கான காரணங்களை எழுதுக.
5. ‘நினைவு’, ‘மறதி’ ஆகிய சொற்களுக்கு நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் வழங்கும் சொற்களைக் கேட்டறிந்து தமிழ் எழுத்தில் எழுதுக.
6. திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய ‘கள்ளுண்ணாமை’யை ஆசிரியர் துணையுடன் படித்து, உங்களைக் கவர்ந்த ஒரு குறளின் பொருளைச் சொந்த நடையில் எழுதுக.