உங்கள் சுருதி எது?

களுதாவளைப் பிள்ளையார் கோயிலில் தேவாரம் பாடும்போது பாதியில் குரல் ஏறாமல் நிற்கிறதா? பிடித்த சுருதி உங்களுடையதாக இராது.

யாரும் ஏதும் கேட்டால் 'ஓம்' என்கிறோமே, அந்த 'ம்'மை வாய் மூடியபடி நீட்டுங்கள். உதடும் மூக்கடியும் இலேசாக அதிர்ந்தால் அதுவே பேச்சுக் குரலின் இயல்பான இடம். பாட்டுக்கு, போனில் சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு, கீழ்ப் பஞ்சமமும் மேல் பஞ்சமமும் சிரமமின்றி எட்டும் கட்டையை, அதாவது சுருதி அளவை, தேடுங்கள். பெரும்பாலும் ஆண்களுக்கு 1 முதல் 2, பெண்களுக்கு 4½ முதல் 6. பக்கத்து வீட்டுக்காரரின் கட்டை உங்களுக்கு எதற்கு?

பாடியதைப் பதிவு செய்து கேட்டால் குரல் மெலிந்து கேட்பது இயல்பு. பேசும்போது எலும்பு வழியாகவும் கேட்கிறோம். கூத்துப் பழகித் தொண்டை கட்டினால் கிசுகிசுக்காதீர்கள், பேசாமலிருங்கள். 3 வாரம் கடந்தும் கரகரத்தால் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.