காற்றா, மருந்தா?

குற்றாலச் சாரலும் பொதிகைத் தென்றலும் உடல்நலம் தருவன என்பது தென்காசிப் பகுதி மக்களின் நெடுநாள் நம்பிக்கை. காசநோய்க்குத் தூய காற்றும் முழு ஓய்வும் சத்துணவுமே மருந்து என ஒருகாலத்தில் உலகமே நம்பியது. அதனால் நோயாளர் குடும்பத்தைப் பிரிந்து, நலவாழ்வு இல்லங்களில் மாதக்கணக்கில் தங்கினர். ஆயினும், நோயாளர் பல இலட்சம். படுக்கைகளோ மிகச் சில.

நோய்க்கிருமியை அழிக்கும் மருந்துகள் வந்தபின் ஒரு வினா எழுந்தது. நெருக்கடியான குடிலில் எளிய உணவு உண்டு வாழும் ஏழை, வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடைய இயலுமா? 1956ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம் இதற்கு விடைதேடியது. நோயாளர் 193 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவினராக்கப்பட்டனர். மருத்துவரின் விருப்பமோ நோயாளரின் வசதியோ முடிவைச் சாய்த்துவிடாமல் காப்பதே குலுக்கலின் நோக்கம். ஒரு பிரிவினர் வீட்டிலும் மற்றவர் நலவாழ்வு இல்லத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகளை உட்கொண்டனர்.

முடிவு 1959இல் வெளியானது. இல்லத்தில் தங்கியோருள் 92 விழுக்காட்டினரும், வீட்டில் இருந்தோருள் 86 விழுக்காட்டினரும் நோய் தணிந்திருந்தனர். வீட்டில் இருந்தோரின் குடும்பத்தார்க்கு நோய்த்தொற்று மிகுதியாகவும் இல்லை. காற்றும் உணவும் நலந்தருவன. ஆனால், நோயைத் தீர்த்தது முறையாக உண்ட மருந்தே எனத் தெளிவாயிற்று. உலக நாடுகள் வீட்டுவழி மருத்துவத்தை ஏற்றன.

இன்று தென்காசியின் பீடித்தொழிலாளி ஒருவரும் அரசு மருத்துவமனையில் விலையின்றி மருந்து பெற்று, தம் பிள்ளைகளைப் பிரியாமலே குணமடையலாம்.

சிந்தனை வினா: நெடுநாள் நம்பிக்கை ஒன்றைச் சோதித்தறிய நீங்கள் எவ்வாறு ஆய்வை வடிவமைப்பீர்கள்?