நிறுத்தும் பட்டன் எங்கே?



'எந்திரன்' படம் பார்க்காத பாலிடெக்னிக் மாணவன் ஒருவனைக் காட்டுங்கள், என் ரெக்கார்ட் நோட்டையே அவனுக்குப் பரிசாகத் தருகிறேன். 2010 அக்டோபரில் வந்த படம். டி.வி.யில் எத்தனை தடவை போட்டாலும் கடைசி அரைமணி நேரத்துக்கு ஹாஸ்டலே கூடிவிடும். சிட்டி ரோபோக்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு பெரிய பந்தாக உருண்டு, நாலு பக்கமும் சுட்டுத் தள்ளுமே, அந்தக் காட்சிக்கு விசில் பறக்கும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது, யாரும் விசில் அடிக்காத ஒரு காட்சி. வசீகரன் தன் ரோபோவை ராணுவத்துக்குக் கொடுக்க விரும்புகிறார். பரிசோதனைக்கு வரும் போரா, அந்த ரோபோவிடம் ஒரு கட்டளை கொடுக்கிறார். உருவாக்கியவரையே தாக்கச் சொல்லும் கட்டளை. சிட்டி கொஞ்சமும் யோசிக்காமல் கை ஓங்குகிறது. நண்பன் யார், எதிரி யார் என்று இதற்குத் தெரியவில்லை, ராணுவத்துக்கு இது ஆகாது என்று போரா நிராகரித்துவிடுகிறார். அந்த ஆள் வில்லன்தான், உள்நோக்கம் உள்ளவர்தான். ஆனால் அந்த ஒரு கேள்வியில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. வசனத்தில் பங்குள்ள சுஜாதா, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். அதனால்தானோ என்னவோ அந்தக் கேள்வி அவ்வளவு கச்சிதமாக விழுந்திருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. தானாகச் சுடும் ஆயுதம் என்பது சினிமா கற்பனை இல்லை. அது எப்படி வேலை செய்கிறது, எங்கே தவறுகிறது என்று நாம் லேபில் படித்ததை வைத்தே பார்க்கலாம்.

எந்தத் தானியங்கிக் கருவியையும் மூன்றாகப் பிரிக்கலாம். உணர்வது, முடிவெடுப்பது, செய்வது. சென்சார், கன்ட்ரோலர், ஆக்சுவேட்டர் என்று இன்ஸ்ட்ருமென்டேஷன் வகுப்பில் முதல் வாரமே போர்டில் மூன்று கட்டம் போட்டுவிடுவார்கள். வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துகிற ஃப்ளோட் சுவிட்சும் இதுதான், பல கோடி ரூபாய் ஏவுகணையும் இதுதான். நடுக் கட்டத்தில் மனிதன் இருக்கிறானா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது நம் எலக்ட்ரிக்கல் லேபில் இருக்கும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சை பட்டன் சாதாரணமாகத் திறந்திருக்கும், சிவப்பு பட்டன் சாதாரணமாக மூடியிருக்கும். வைவாவில் எல்லோரிடமும் கேட்பார்கள், ஏன் சிவப்பு மட்டும் அப்படி என்று. பதில் சுலபம். சிவப்பு பட்டனுக்குப் போகும் ஒயரை எலி கடித்துவிட்டால்கூட சர்க்யூட் அறுந்து மோட்டார் நின்றுவிட வேண்டும். கரண்ட் போய்த் திரும்பி வந்தாலும் மோட்டார் தானாக ஓடக்கூடாது, யாராவது வந்து பச்சையை அழுத்த வேண்டும். அதாவது, கோளாறு வந்தால் பாதுகாப்பான நிலைக்குப் போய்விடு என்று ஒயரிங்கிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தட்டாஞ்சாவடியிலோ சேதராப்பட்டிலோ பவர் பிரஸ் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு பட்டன்களையும் இரண்டு கையால் ஒன்றாக அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருக்கும்போது டையின் கீழே இருக்க முடியாதல்லவா? (புரொடக்‌ஷன் ஏறட்டும் என்று ஒரு பட்டனில் குச்சியைச் செருகி வைக்கிற புத்திசாலிகளும் உண்டு. அது வேறு கதை.)

சரி, ஆயுதத்துக்கு வருவோம். ஆயுதத்தின் பாதுகாப்பான நிலை எது? சுடாமல் இருப்பதா, சுடுவதா? 'சுடாமல் இருப்பதுதான்' என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். 1991ல் நடந்ததைப் பாருங்கள்.

வளைகுடாப் போர். சவுதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்காவின் பேட்ரியாட் என்ற ஏவுகணைத் தடுப்புக் கருவி காவலுக்கு இருந்தது. ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை வந்தால் ராடார் பார்க்கும், அடுத்த நொடி அது எங்கே இருக்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும், எதிர் ஏவுகணை பாயும். கணக்குக்கு நேரம் வேண்டும். உள்ளே இருந்த கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு நொடி பத்தில் ஒரு நொடியாக எண்ணி வைத்தது. அந்த எண்ணிக்கையை நொடியாக மாற்ற 0.1 ஆல் பெருக்க வேண்டும். இங்கேதான் சனி பிடித்தது.

0.1 என்பது நமக்கு முழுசான எண். பைனரியில் அது முடியவே முடியாத எண், 0.000110011001100 என்று போய்க்கொண்டே இருக்கும். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் புத்தகத்தை எடுத்து, இரண்டால் பெருக்கிப் பெருக்கி நீங்களே போட்டுப் பாருங்கள். அந்தக் கம்ப்யூட்டரின் ரெஜிஸ்டரோ 24 பிட். அதற்கு மேல் இருந்த வால் வெட்டப்பட்டது. வெட்டுப்பட்ட பிழை எவ்வளவு? சுமார் 0.000000095. இதெல்லாம் ஒரு பிழையா என்று தோன்றும். ஆனால் அந்தக் கருவி ஏறக்குறைய 100 மணி நேரம் அணைக்கப்படாமல் ஓடியிருந்தது. 100 மணி என்றால் 3,60,000 நொடி, அதாவது 36,00,000 எண்ணிக்கை. 36,00,000 ஐ 0.000000095 ஆல் பெருக்குங்கள்: 0.34 நொடி. ஸ்கட் நொடிக்கு 1600 மீட்டருக்கு மேல் பறக்கும். ஆக, அரை கிலோமீட்டருக்கும் அதிகமாகத் தள்ளி வேறு இடத்தில் தேடிவிட்டு, அங்கே ஒன்றுமில்லை என்று கருவி முடிவு கட்டியது. எதிர் ஏவுகணை பாயவே இல்லை. 1991 பிப்ரவரி 25 அன்று ஸ்கட் ராணுவக் குடியிருப்பில் விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதிக நேரம் தொடர்ந்து ஓடினால் குறி விலகுகிறது என்று இஸ்ரேல்காரர்கள் இரண்டு வாரம் முன்பே சொல்லியிருந்தார்கள். திருத்திய சாஃப்ட்வேர் தயாராகி தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள், பிப்ரவரி 26. நடுவில் ஒரே ஒரு தடவை அணைத்துப் போட்டிருந்தால் கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்திருக்கும். முதலில் அந்தக் கருவியை, சில மணி நேரம் ஓட்டிவிட்டு வேறு இடத்துக்குக் கிளப்பிக்கொண்டு போவதற்காகத்தான் வடிவமைத்தார்கள். வடிவமைத்தவர் மனதில் இருந்த நிலைமை ஒன்று, களத்தில் இருந்த நிலைமை வேறு.

அதே பேட்ரியாட் 2003ல் நேர்மாறாகத் தவறியது. ஈராக் போரில் திரும்பி வந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் டொர்னாடோ விமானத்தைத் திரையில் எதிரி ஏவுகணை என்று காட்டியது. உட்கார்ந்திருந்தவர்களுக்கு யோசிக்க ஒரு நிமிடம்கூட இல்லை, திரையை நம்பினார்கள். விமானிகள் இருவர் இறந்தார்கள். பத்து நாள் கழித்து அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்றையும் பேட்ரியாட் வீழ்த்தியது. ஒருமுறை சுடாததால் சாவு, இன்னொரு முறை சுட்டதால் சாவு. நம் டி.ஓ.எல். ஸ்டார்ட்டருக்கு இருக்கும் பாதுகாப்பான நிலை இதற்குக் கிடையாது. இதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி.

நம் நாட்டிலும் 2019 பிப்ரவரி 27 அன்று ஸ்ரீநகர் அருகே பட்காமில் நம் ஏவுகணையே நம் ஹெலிகாப்டரை வீழ்த்தியது. விமானப்படையினர் ஆறு பேரும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். சுட முடிவெடுத்தது மனிதர்கள்தான், இயந்திரம் இல்லை. ஆனால் 'நான் நம்ம ஆள்' என்று ராடாருக்குச் சொல்கிற கருவி ஹெலிகாப்டரில் அணைந்திருந்தது என்று விசாரணையில் வெளிவந்தது. போரா கேட்ட அதே கேள்வி! அது மனிதனையே இந்தப் பாடு படுத்தினால் இயந்திரத்தை என்ன பாடு படுத்தும்?

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 2007 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் லோஹட்லாவில் பயிற்சியின்போது 35 மி.மீ. விமான எதிர்ப்பு பீரங்கி கட்டுப்பாடில்லாமல் சுட்டு 9 வீரர்கள் இறந்தார்கள். 'ரோபோ புரட்சி ஆரம்பம்' என்று இன்றைக்கும் சிலர் எழுதுகிறார்கள். இயந்திரப் பகுதியில் ஏற்பட்ட பழுது என்றே அந்த ராணுவம் சொன்னது. ஒரு பின் உடைந்தாலும் சாவுதான், அதற்கு மூளை வேண்டியதில்லை.

மூளையே இல்லாத தானியங்கி ஆயுதம் ஒன்று உண்டு. உலகில் அதிகமாகப் புழங்குவதும் அதுதான். கண்ணிவெடி. கீழ்ப்புத்துப்பட்டு முகாமிலிருந்து படிக்க வரும் நண்பர்கள் அதை 'மிதிவெடி' என்பார்கள். அந்தச் சொல்தான் சரி என்பேன், சர்க்யூட்டே அந்தச் சொல்லில் இருக்கிறது. சென்சார் ஒரு அழுத்தத் தட்டு. முடிவெடுப்பது ஒரு ஸ்பிரிங். சில கிலோ எடை விழுந்தால் போதும். சிப்பாயின் பூட்ஸா, விறகு பொறுக்க வந்த பிள்ளையின் காலா, மாட்டின் குளம்பா என்று அது கேட்காது. பச்சை பட்டனை அழுத்துவது சாகப்போகிறவனே. சிவப்பு பட்டன் கிடையாது. போர் முடிந்தது என்று அதற்கு யாரும் சொல்ல முடியாது.

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்று அழைப்பது உங்களுக்குத் தெரியும். ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலை நினைவுச் சின்னத்தில் மெடல் குத்திக்கொண்டு நிற்பார்களே, அவர்கள்தான். அவர்களில் மூத்த தலைமுறை இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் போரிட்டது. அந்த அல்ஜீரியாவில் 1957ல் பிரெஞ்சு ராணுவம் துனீசிய எல்லை நெடுக ஒரு வேலி போட்டது. 5000 வோல்ட் மின்வேலி, சுற்றிலும் கண்ணிவெடிகள். போர் 1962ல் முடிந்தது. வெடிகள் எங்கெங்கே புதைந்திருக்கின்றன என்ற வரைபடத்தை பிரான்ஸ் அல்ஜீரியாவிடம் கொடுத்தது 2007ல்! நடுவில் 45 வருஷம். புதைத்தவர்கள் பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகும் வெடிகள் டூட்டியில் இருந்தன.

1997ல் ஒட்டாவாவில் கையெழுத்தாகி 1999ல் அமலுக்கு வந்த கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெடிமருந்தின் அளவை அது பார்க்கவில்லை. ஆள் வந்ததாலோ நெருங்கியதாலோ தொட்டதாலோ தானே வெடிக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. ஒருவன் கண்ணால் பார்த்து, ஒயரின் மறுமுனையில் சுவிட்சைப் போட்டு வெடிக்கவைப்பது அந்தத் தடைக்குள் வராது. சுவிட்சை மூடுவது யார் கை என்பதே கேள்வி. எலக்ட்ரிக்கல் படித்தவர்கள் யாரோ உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கிறது. இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை. ரஷ்யாவுக்குப் பயந்து பின்லாந்து, போலந்து, லிதுவேனியா, லாட்வியா, எஸ்டோனியா ஆகிய ஐந்து நாடுகள் 2025ல் விலக முடிவெடுத்தன.

புதிய ஆயுதங்களின் கதையும் இதே பாதையில்தான் போகிறது. நம் படையிடம் உள்ள இஸ்ரேல் தயாரிப்பான ஹார்ப்பி, வானில் வட்டமிட்டுக்கொண்டே இருந்து, எதிரி ராடார் அலை கிடைத்தால் தானே அதன்மேல் போய் விழும். பறக்கும் மிதிவெடி! இப்படிப்பட்டவற்றைப் பற்றி ஜெனீவாவில் 2014 முதல் பேசுகிறார்கள். 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இதுபற்றிய தீர்மானத்துக்கு 152 நாடுகள் ஆதரவு, 4 நாடுகள் எதிர்ப்பு. அந்த நான்கில் இந்தியாவும் ஒன்று. ஜெனீவா பேச்சு நடக்கும்போது இன்னொரு மேடை எதற்கு, சட்டம் போடுவதற்குக் காலம் கனியவில்லை என்பது நம் அரசின் வாதம். எல்லையில் இரண்டு பக்கமும் எதிரியை வைத்துக்கொண்டிருக்கும் நாடு கையைக் கட்டிக்கொள்ளத் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் 36,00,000 பெருக்கலைப் போட்டுப் பார்த்த பிறகு, என் ஓட்டு அந்த 152 பக்கம்தான்.

இதெல்லாம் டெல்லிக்காரர்கள் கவலை என்று தள்ளவும் முடியாது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஐந்தையும் இணைத்துத் தமிழ்நாட்டில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வந்திருக்கிறது. நம் சீனியர்கள் அப்ரண்டிஸாகப் போவது அந்த மாதிரி கம்பெனிகளுக்கும்தான். போர்டில் சால்டர் வைப்பதும், டெஸ்ட் ரிப்போர்ட்டில் 'எத்தனை மணி நேரம் ஓட்டிப் பார்த்தது' என்ற கட்டத்தை நிரப்புவதும் டிப்ளமோக்காரன் வேலை. அந்தக் கட்டத்தில் 8 என்று எழுதிவிட்டு, களத்தில் 100 மணி ஓடினால் என்ன ஆகும் என்று கேட்பதும் அவன் வேலையில் சேர்த்திதான்.

வெடியை எடுப்பது எப்படி என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் நுழையும் இடத்தில் முகமாலை இருக்கிறது. இரண்டு படைகளும் வருஷக்கணக்கில் எதிரெதிரே நின்று மாறி மாறிப் புதைத்த இடம். உலோகம் குறைந்த பிளாஸ்டிக் வெடிகளும், புலிகள் பலகைப் பெட்டியில் செய்த 'ஜொனி' வெடிகளும் மண்ணுக்குள் கலந்து கிடந்தன. அதனால் டிடெக்டரை மட்டும் நம்ப முடியாது. அங்கே கையாலே மண்ணை வாருகிறார்கள். கெட்டி மண்ணை இளக்க ஒரு கனமான வாரி, இளகிய மண்ணை இழுக்க ஒரு லேசான வாரி. முகத்தில் கண்ணாடிக் கவசம், மேலே கனத்த அங்கி, அந்த வெயிலில் மண்டியிட்டு, விரற்கடை விரற்கடையாக. வேலை செய்பவர்களில் பலர் பெண்கள், அவர்களிலும் போரில் கணவனை இழந்தவர்கள் நிறைய. 2002ல் ஆரம்பித்த வேலை. முடிக்க இலங்கை ஒப்புக்கொண்ட கெடு 2028.